குளியலறைக்கு ஆள் தேடிய அக்கா

அக்கா வீட்டுச் சமையலறையின் மேல்தளத்தில் முதலில் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் ஈரம் தெரிந்தது. பிறகு அது மெல்ல மெல்லப் பரந்து, பழுப்பேறி, ஓரங்களில் பூச்சு உப்ப ஆரம்பித்தது. ஒருநாள் காலை அக்கா மகள் குட்டி பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் தட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒரு சுண்ணாம்புக் கட்டி விழுந்தது. நேர் மேலே மாடிக் குளியலறை. இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று அக்கா முடிவு செய்தாள்.

அது அக்காவே சம்பாதித்து வாங்கிய வீடு. கணவர் வேறு ஊரில் வேறு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போன பிறகு, அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனாள். முன்பின் தெரியாதவர்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குரலை மட்டும் உயர்த்தாமல் பல வருடம் உழைத்தாள். பழைய வீடுதான். ஆனால் ஒவ்வொரு செங்கல்லும் அவளுடையது.

விஷயம் காதுக்கு எட்டியதும் அம்மா தம்பிக்குப் போன் போட்டாள்.

“உங்க அக்கா வீட்டுல கொத்து வேலையாம்டா. கூட ஒரு ஆம்பளை இல்லேன்னா அவ தலையில நல்லா மிளகாய் அரைச்சிடுவானுங்க. நீ லீவு போட்டுட்டுப் போய் நில்லு.”

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர் எந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றாலும் “உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்” என்று சொல்லிச் சொல்லி, யாரிடமும் ‘வேண்டாம்’ என்ற சொல்லே வாயில் வராதவனாக ஆகிவிட்டிருந்தான். அவனுக்கும் கட்டட வேலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இருந்தாலும் அம்மா சொன்னதைக் கேட்டதும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“வாடா, நல்லதாப் போச்சு. குட்டிக்குக் கணக்குச் சொல்லிக்குடு” என்றாள் அக்கா. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி.

முதலில் வந்த கான்ட்ராக்டர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். ஆளுக்கு முன்னால் அவர் பூசிய வாசனை உள்ளே வந்தது. சமையலறை வாசலில் நின்றபடியே மேலே ஒரு பார்வை பார்த்தார்.

“இவ்வளவுதானே? ஆச்சுன்னு வச்சுக்குங்க சார்” என்றார் தம்பியைப் பார்த்து.

“மாடிக்குப் போய்ப் பார்க்கலையா?” என்றாள் அக்கா.

“பார்த்துட்டாப் போச்சு” என்று, தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டே மாடி ஏறினார். குளியலறைத் தரையைக் காலால் ஒரு தட்டு தட்டினார். “எல்லாத்தையும் பேத்துப் போட்டுப் புதுசாக் கட்டிடலாம் சார்.”

“கசிவு எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?” அக்காதான் கேட்டாள்.

“அதெல்லாம் நம்ம பசங்க பார்த்துக்குவாங்க சார்” என்று தம்பியிடமே பதில் சொன்னார். கேள்வி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் பதில் இன்னொரு பக்கம் போனது. அக்கா இன்னும் இரண்டு மூன்று கேட்டாள். இதற்கு முன் யார் வீட்டில் வேலை செய்தீர்கள், அவர்களிடம் பேச முடியுமா, வேலை நடக்கும்போது நீங்கள் வருவீர்களா. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ஆச்சுன்னு வச்சுக்குங்க.

“யோசிச்சுட்டு நானே கூப்பிடுறேன்” என்று அக்கா கைகூப்பினாள்.

தம்பி அவரை கேட் வரை வழியனுப்பப் போனான். அங்கே அவர் குரலைத் தணித்தார். “பொம்பளைங்க யோசிச்சுக்கிட்டேதான் சார் இருப்பாங்க. வேலை ஆகணும்ல? திங்கக்கிழமை ஆளோட வந்துடட்டுமா?”

“சரிங்க… பார்க்கலாம்…” என்று இழுத்தான் தம்பி. அவர் கையை நீட்டினார். நீட்டிய கையை என்ன செய்வது? பிடித்துக் குலுக்கினான். அவனைப் பொறுத்தவரை அது “போய்ட்டு வாங்க” என்பதற்கு ஒரு மரியாதை. அவ்வளவுதான். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

“ஆச்சு மாமா போயாச்சா?” என்று குட்டி அதற்குள் பெயரே வைத்துவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை அக்கா பாடம் எடுக்கப் போயிருந்தாள். குட்டி பள்ளியில். தம்பி முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. சுத்தியலும் உளியுமாக நாலைந்து பேர் இறங்கினார்கள். கடைசியில் வாசனை இறங்கியது.

“சார் வந்துட்டோம்! சொன்ன சொல் மாற மாட்டேன்.”

“இல்லீங்க… அக்கா இன்னும்…”

“நீங்கதானே சார் கை குடுத்தீங்க?”

  தம்பி பதிலுக்குச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோதே ஆட்கள் மாடி ஏறிவிட்டார்கள். டமார் என்று முதல் அடி விழுந்தது. நுரை கன்னத்தில் காய, அவன் அக்காவுக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு டைல்ஸ் உடைந்திருக்கும்.

“அவங்க கையில குடிக்கத் தண்ணியைக் குடு. பேச்சு குடுத்துக்கிட்டே இரு. வர்றேன்” என்றாள் அக்கா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் தெருமுனையில் திரும்பியது. தம்பி கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கில் அக்கா இல்லை. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர், ரத்தம் வற்றிய முகத்தோடு இரண்டு கையாலும் சக்கரத்தை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில். கண்ணாடி இறக்கியிருந்ததால் அவள் குரல் கேட்டது.

“இண்டிகேட்டர் போட்டாச்சா? பின்னால பார்த்தீங்களா? மெதுவா ஓரம் கட்டுங்க. அவ்வளவுதான். நல்லா நிறுத்தினீங்க.”

வீட்டை இடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷி இன்னொருவருக்கு வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுக்க முடியும் என்று தம்பிக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் நேராக மாடி ஏறினாள். குளியலறை வாசலில் நின்றாள்.

“எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுத்தியல்கள் நின்றன. தினமும் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பழகிய குரல் அது. கேட்டவர்களின் கால் தானாக ஒரு இடத்தில் ஊன்றிக்கொள்ளும்.

“யார் சொல்லி உடைச்சீங்க?” என்று கான்ட்ராக்டரைக் கேட்டாள்.

“சார்தான் சொன்னாரு.”

“வீடு யாருது?”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தான்.

“என்னைப் பார்த்துச் சொல்லுங்க. யோசிச்சுட்டு நானே கூப்பிடுறேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க மேடம். ஆனா சார் கை குடுத்து…”

“அவன் யார் கை நீட்டினாலும் குடுப்பான். அது அவன் சுபாவம். வீட்டுக்காரி ஒப்புக்கலைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நான் இல்லாத நேரமா வந்தீங்க. இந்த வேலையை நான் உங்களுக்குக் குடுக்கலை. குடுக்கவும் போறதில்லை.”

அவர் குரலை உயர்த்தினார். ஆள் கூட்டி வந்த செலவு, பாழான ஒரு நாள், இப்படிப் பேசினால் எப்படி என்று ஒரு மூச்சுப் பேசினார். அக்கா குறுக்கே பேசவில்லை. அவர் களைத்துப்போய் நிறுத்தும்வரை, சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிபோல் நின்றாள். பிறகு அவரை விட்டுவிட்டு, உளியும் கையுமாக நின்றிருந்த ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

“உங்க மேல தப்பில்லை. கூட்டிட்டு வந்தாங்க, வந்தீங்க. அரை நாள் கூலியை உங்க கையில நானே குடுத்துடுறேன். உடைச்சதை மட்டும் அள்ளி மூட்டை கட்டிட்டுப் போங்க.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு குனிந்து அள்ள ஆரம்பித்தார்கள். சொந்த ஆட்களே மூட்டை கட்ட ஆரம்பித்த பிறகு வெள்ளைச் சட்டைக்காரருக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. முணங்கிக்கொண்டே படி இறங்கினார். வாசனை மட்டும் மத்தியானம் வரை வீட்டில் இருந்தது.

கீழே பல் டாக்டர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். “மேடம், நான் தனியா இறங்கலாமான்னு தெரியலை. ஹேண்ட் பிரேக்லேருந்து கையை எடுக்கலை” என்றார்.

அன்று சாயங்காலம் தம்பி பேயறைந்தவன்போல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். திட்டு விழும், வாங்கிக்கொள்வோம் என்று தயாராக இருந்தான். அக்கா இரண்டு தம்ளரில் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“தப்பு என்னுதுடா. உனக்கு வேண்டாம்னு சொல்ல வராதுன்னு சின்ன வயசுலேருந்து தெரியும். உன்னை அந்த ஆளோட கேட் வரைக்கும் தனியா அனுப்பியிருக்கக் கூடாது.”

“போக்கா. நான் இருக்கறதே உனக்கு இடைஞ்சல். நாளைக்குக் கிளம்பிடுறேன்.”

“எங்க கிளம்புற? வேறொரு கான்ட்ராக்டர் வேலை செஞ்ச ரெண்டு வீட்டை நாளைக்குப் போய்ப் பார்க்கணும். என் கண்ணுக்கு மாட்டாதது உன் கண்ணுக்கு மாட்டும். கூட வா. வாயை மட்டும் திறக்காதே.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா வேறொரு கான்ட்ராக்டரைப் பிடித்து வைத்திருந்தாள். டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக் கிடைத்த ஆள். ஏற்கெனவே ஒரு முறை வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். குட்டி அவருக்கு வைத்த பெயர் முணுமுணு. பேசுவது பாதி அவருக்கே கேட்காது. அப்படி முதலில் வந்த அன்று அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே மாடிக்குப் போய், முழங்காலிட்டு, வடிகால் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயைத் திறந்து விட்டு, கீழே ஓடிவந்து நாற்காலி மேல் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். கசிவு எங்கிருந்து என்று அக்கா கேட்டதற்கு, “தெரியலை. சந்தேகம் இருக்கு. உடைச்சாத்தான் சொல்ல முடியும்” என்று தரையிடம் சொன்னார்.

தம்பிக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. “தெரியலைங்கறாரேக்கா!”

“அதுதான்டா எனக்குப் பிடிச்சது. கண்ணாடியைப் பார்க்காமலே பின்னால வண்டி இல்லைன்னு சொல்றவங்களை நான் தினம் பார்க்கிறேன்.”

அவர் வேலை செய்து கொடுத்த இரண்டு வீடுகளுக்கு அவரிடமே முகவரி கேட்டு வாங்கி, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் வீட்டில் எல்லாம் பளபளவென்று இருந்தது. தம்பி சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தது கொஞ்சம்தான். வீட்டுக்கார அம்மாளோடு பேசியதுதான் அதிகம். இரண்டாவது வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். டியூட்டி முடிந்து வந்த களைப்போடு கதவைத் திறந்தார். அக்கா அவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“வேலை நல்லா போனதைப் பத்தி எல்லாரும் சொல்வாங்க. ஏதாவது கெட்டுப்போச்சா? அப்போ இவரு என்ன பண்ணாரு?”

நர்ஸ் சிரித்தார். “கெட்டுது. கதவு நிலையைத் தப்பா வச்சுட்டாங்க. நான் சொன்னப்போ கத்தினாரு. அவ்வளவு நேரம் முணங்கிட்டே இருந்த மனுஷன் அன்னிக்குத்தான் தெளிவாப் பேசினாரு! கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. நான் இனிமே வர மாட்டாருன்னு நினைச்சேன். மறுநாள் நான் கிளம்பறதுக்கு முன்னாடியே வந்து, அவரே நிலையைக் கழட்டிட்டு நிக்கறாரு. ஒரு பைசா கூட்டிக் கேட்கலை.”

தெருவில் நடக்கும்போது தம்பி, “கத்துற ஆளுக்கா!” என்றான்.

“கத்தட்டும். கத்தல் என் காதுக்குப் புதுசா? திரும்பி வந்தாரா இல்லையா, அதைப் பாரு.”

வேலையை அவருக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று. சாப்பாட்டு மேஜையில் அக்காவும் கான்ட்ராக்டரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பந்தத்தை எழுதினார்கள். ஒவ்வொரு வரியையும் அக்கா வாய்விட்டுப் படித்தாள். வேலை இவ்வளவு முடிந்தால் இவ்வளவு பணம். முழுவதையும் முன்னால் கொடுப்பது கிடையாது. இடையில் ஏதாவது மாறினால் பேசி, எழுதி, அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையில் தண்ணீர் கட்டி ஒரு முழுநாள் நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அவரும் விடவில்லை. “இந்தத் தேதிக்குள்ள முடிப்பேன்னு எழுதாதீங்கம்மா. குழாய் எந்த நிலைமையில இருக்கோ. கூட ஒரு வாரம் போடுங்க” என்றார். அக்கா போட்டாள். அவர் அடித்ததும் அவள் சேர்த்ததுமாகக் காகிதம் கிறுக்கலாகி, கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட்டபோது, தம்பிக்கு அது சண்டை போலவும் இருந்தது, ஒருவரை ஒருவர் மதிப்பது போலவும் இருந்தது.

வேலை தொடங்கியது. தம்பியும் லீவை நீட்டிக்கொண்டான். அக்கா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மாடிக்குப் போவாள். புரியாததை வெட்கப்படாமல் கேட்பாள். “இது எதுக்கு? இதை இங்க வைக்காம அங்க வச்சா என்ன?” முதல் இரண்டு நாள் கொத்தனார் தம்பியைத் தேடி வந்து பதில் சொன்னார். தம்பி ஒவ்வொரு முறையும் “அக்காகிட்ட சொல்லுங்க” என்றான். சொல்லச் சொல்ல அந்த வாக்கியம் அவனுக்கே வாகாக வந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து கொத்தனார் நேரே அக்காவிடம் போனார்.

பழைய தரையை உடைத்து, குழாயை மாற்றி, ஈரம் இறங்காமலிருக்கக் கறுப்புப் பூச்சு பூசி முடித்தார்கள். அடுத்து தண்ணீர் நிறுத்த வேண்டும். அன்று பார்த்து டைல்ஸ்காரர் சாமான்களோடு வந்து நின்றார். மறுநாள் அவருக்கு வேறு இடத்தில் வேலை. விட்டால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். கான்ட்ராக்டர் அக்காவிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

“அம்மா, இன்னிக்கே ஒட்டிடலாம். பூச்சு நல்லா பிடிச்சிருக்கு. என் கையால பார்த்துப் பூசினது.”

தம்பிக்கு “சரிங்க” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பத்து நாள் யார் வீட்டில் போய்க் குளிப்பது?

“உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. இல்லைன்னா உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்” என்றாள் அக்கா. “ஆனா தண்ணி மேல நம்பிக்கை இல்லை. நிறுத்திப் பார்த்துடலாம்.”

“இத்தனை வருஷம் வேலை செஞ்சிருக்கேன்! என் பேச்சுல நம்பிக்கை இல்லைன்னா…” அவர் கத்தினார். கீழே சமையலறையிலிருந்த குட்டி ஓடிவந்து படியில் நின்றாள்.

“பத்து நாள் தள்ளிப் போகும்னா போகட்டும். தாமதத்துக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்” என்றாள் அக்கா அதே குரலில். “பேசி எழுதினதை மட்டும் மாத்த வேண்டாம்.”

அவர் போய் வடிகால் வாயைத் துணியால் அடைத்தார். குழாயைத் திறந்துவிட்டார். தரை மூழ்கியதும் மூடிவிட்டு, டைல்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

“ஆள் வர மாட்டாருக்கா” என்றான் தம்பி.

“பார்க்கலாம்” என்றாள். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் தட்டில் விரலால் அளைந்துகொண்டேயிருந்ததை அவன் கவனித்தான். அக்காவுக்கும் பயம் இருக்கும் என்று அவனுக்கு ஏனோ இதுவரை தோன்றியதே இல்லை. அவள் அப்படி நின்றது பயம் இல்லாததால் அல்ல. பயந்துகொண்டேதான் நின்றிருக்கிறாள். அப்படிப் பார்த்தபோது அவள்மேல் இருந்த மரியாதை அவனுக்கு இரண்டு மடங்காயிற்று.

மறுநாள் மத்தியானம் குட்டிதான் முதலில் பார்த்தாள். “மாமா, மேல பாரு.” சமையலறை மேல்தளத்தில், வடிகால் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி, ஒரு வளையல் கனத்துக்கு ஈரம்.

அக்கா கான்ட்ராக்டருக்குப் போன் செய்தாள். ‘பார்த்தீங்களா’ என்று தொடங்கவில்லை. “ஈரம் தெரியுது. வந்து பாருங்க” என்றாள். அவ்வளவுதான்.

அவர் வந்தார். நாற்காலி போட்டு ஏறினார். விரலால் தொட்டார். தொட்ட விரலை முகர்ந்தார். வெகுநேரம் இறங்கவேயில்லை. இறங்கியபோது முணுமுணுக்காமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“குழாயும் தளமும் சேர்ற இடத்துல பூச்சு பிடிக்கலை. நேத்து டைல்ஸ் ஒட்டியிருந்தா ஆறு மாசத்துல மறுபடி உடைச்சிருக்கணும். நீங்க விட்டிருந்தீங்கன்னா நான் ஒட்டிட்டுப் போயிருப்பேம்மா.”

“நீங்க வராம இருந்திருந்தா நான் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்” என்றாள் அக்கா. “எவ்வளவு நாள் ஆகும்னு சொல்லுங்க. காபி குடிங்க முதல்ல.”

அவர் அந்த இடத்தை மட்டும் தன் கையாலேயே செதுக்கி, மறுபடி பூசி, உலரவிட்டு, மறுபடி தண்ணீர் நிறுத்தினார். இந்த முறை அவரே காலையிலும் மாலையிலும் வந்து, நாற்காலியில் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். மேல்தளம் உலர்ந்தே இருந்தது. டைல்ஸ்காரரை எப்படிப் பேசிப் பிடித்தாரோ, பத்து நாள் ஆகும் என்றவர் நாலாம் நாளே வந்து நின்றார்.

வேலை முடிந்த அன்று அக்கா ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். ஒரு டைல்ஸ் லேசாக ஆடியது, சொன்னாள், மாற்றினார்கள். அதன்பிறகு கடைசித் தொகையைக் கொடுத்துவிட்டு, “உங்களைப் பத்தி யாராவது விசாரிச்சா என்கிட்ட அனுப்புங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்” என்றாள்.

“அந்த ஈரத்தையுமா?” என்றார் அவர்.

“அதைத்தான் முதல்ல சொல்லுவேன்.”

அவர் சிரித்ததை அன்றுதான் அந்த வீட்டில் பார்த்தார்கள்.

மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தம்பியிடம், “எங்க வீட்டுலயும் வெளிச்சுவர் பொரிஞ்சு வருது தம்பி. நீங்க நல்லா நின்னு வேலை வாங்கிட்டீங்க. எனக்கும் கொஞ்சம் வந்து பேசிக் குடுங்களேன். பொம்பளை பேசினா எவன் மதிக்கிறான்?” என்றார்.

ஒரு நிமிஷம் தம்பிக்கு அந்தப் பாராட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. யாராவது ஒன்றைக் கேட்டால் ஆமாம் போட்டே பழகியவன். ஆனால் தலையை அசைத்தான்.

“நான் இல்லீங்க. என்னை நிக்க வச்சிருந்தா வீட்டையே இடிச்சிருப்பாங்க. எல்லாம் அக்காதான். நீங்களே பேசலாம்ங்க. எப்படிப் பேசணும்னு அவகிட்ட கேட்டுக்குங்க.”

உள்ளே வந்து குரல் கொடுத்தான். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டு அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“சுவர் எந்தப் பக்கம் பொரியுது? மழை அடிக்கிற பக்கமா? முதல்ல அதைச் சொல்லுங்க. ஆளைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

எதிர்வீட்டு அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். தம்பியும் படியில் உட்கார்ந்து கேட்டான்.